மரபணு ஆலோசகர் பயிற்சிக்கு அரசு நிதி: கேள்வி பதில்

தரமணி மாணவி: அம்மா, எம்.எஸ்சி. மரபியல் படித்தவர்களே ஆலோசனையும் சொல்லலாமே? தனிப் பயிற்சிக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும்?

மரபியல் பட்டம் பரிசோதனை முடிவைப் படிக்கக் கற்றுத்தருகிறது. அம்முடிவை எதிரே அமர்ந்திருக்கும் தம்பதிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது வேறொரு பயிற்சி. அதற்கான முதல் முதுகலைப் படிப்பு 1969-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. மாணவர் ஒவ்வொருவரும் மூத்த ஆலோசகரின் மேற்பார்வையில் பல குடும்பங்களைச் சந்தித்தாக வேண்டும் என்பதால், வகுப்பறையைவிட மேற்பார்வையாளரின் நேரத்துக்கே அதிகம் செலவாகிறது.

எழும்பூர் செவிலியர்: மருத்துவரே விளக்கிவிட முடியாதா?

புறநோயாளிகள் வரிசை வாசல் வரை நிற்கும்போது எப்படி முடியும்? தாய், தந்தை இருவருமே தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. இதைக் கேட்கும் பலர், "மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் நீடிக்கும் தமிழ்நாட்டில் இந்தத் தவறான புரிதலின் விலை பெரியது. இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளையச் செய்யும் இன்னொரு பரம்பரை நோயான அரிவாள் செல் நோயின் மரபணு இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952-இல். 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பரிசோதனை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் பொருளை உட்கார்ந்து விளக்க ஆளில்லையென்றால், அந்த அட்டையே பெண்ணுக்கு வரன் தட்டிப்போகக் காரணமாகிவிடும்.

பெரம்பூர் தந்தை: கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றால் போதுமல்லவா?

போதாது என்பதே என் கருத்து. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, பயிற்சியாளரை மூன்றாண்டுகளுக்குச் சம்பளத்துடன் பணியில் அமர்த்தி, முதுகலைப் பட்டத்தையும் அதற்குள்ளேயே முடிக்க வைக்கிறது. அமெரிக்காவிலோ, மரபணு ஆலோசகரின் சேவைக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் நேரடியாகப் பணம் தருவதில்லை என்ற குறை நெடுங்காலமாக இருக்கிறது. இவ்விரண்டில் நாம் பார்த்துப் படிக்க வேண்டியது முன்னதை.

ஆவடி வாசகர்: அரசுப் பணத்தில் படித்துவிட்டு வெளிநாடு போய்விட்டால்?

முதுநிலை மருத்துவ மாணவர்களிடம் வாங்குவதைப் போலப் பணி ஒப்பந்தம் வாங்கலாம். ஆனால் கையெழுத்து வாங்குவதற்கு முன், அரசு மருத்துவமனைகளில் மரபணு ஆலோசகர் என்ற பணியிடத்தையும் ஊதிய நிலையையும் அரசாணையில் எழுதிவிட வேண்டும்.