மதிப்பெண் குறைந்தால் மனச்சிதைவு வருமா?

ஐயா,

என் தம்பிக்கு 19 வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஒரு வருடமாக அரியர் விழுகிறது. வகுப்பில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான். பிறகு அவனே "சும்மா தோணுது போல" என்பான். மனநல மருத்துவர், இது நோய் இல்லை, சைக்கோசிஸ் (நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாமல் போவது; மனச்சிதைவு அதில் ஒரு வகை) வரக்கூடிய அபாய நிலை என்றார். நினைவாற்றல் சோதனையில் மதிப்பெண் குறைவு. மனச்சிதைவு வந்தே தீருமா? மூளைப் பயிற்சி ஆப் வாங்கலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

வந்தே தீரும் என்பதில்லை. இந்த நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் மூன்று ஆண்டுகளுக்குள் சைக்கோசிஸ் வருகிறது. "சும்மா தோணுது போல" என்று அவன் தன்னையே சந்தேகிப்பது நல்ல அடையாளம்.

பின்னாளில் நோய் வந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே நினைவாற்றல் மதிப்பெண் சராசரியாகக் குறைந்திருந்தது என்று வட அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அது கூட்டத்தின் சராசரி. அதை வைத்துத் தனி ஒருவனுக்கு ஆரூடம் சொல்ல முடியாது. 2016இல் அங்கே வெளியான அபாயக் கணிப்பு முறைகூட வயது, சந்தேக எண்ணங்களின் தீவிரம், நட்பு வட்டம் சுருங்கியது ஆகியவற்றோடு சேர்த்துத்தான் சோதனை மதிப்பெண்ணைப் பார்க்கிறது.

மதிப்பெண்ணைவிட அவன் எங்கே தடுமாறினான் என்பதைக் கேளுங்கள். இத்தகைய சோதனைகளில் ஒன்றில் 12 சொற்களை மூன்று முறை வாசித்து ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். 20, 25 நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்கள். மூன்று முறையும் சில சொற்களே வந்தால் உள்வாங்குவதில் சிக்கல். உள்வாங்கியவை பிறகு காணாமல் போனால் தக்கவைப்பதில் சிக்கல். இரண்டுக்கும் உதவி வேறு வேறு.

சோதனை எந்த மொழியில் நடந்தது? தமிழில் யோசிக்கும் பையனுக்கு ஆங்கிலச் சொற்பட்டியல் கொடுத்தால் மதிப்பெண் அவன் ஆங்கிலத்தையும் சேர்த்தே அளக்கும். முந்தைய இரவு தூங்கினானா? மனச்சோர்வு உண்டா? இந்த நிலையில் அது மிகச் சாதாரணம். யோசிக்கும் வேகத்தையும் கவனத்தையும் கீழே இழுத்துவிடும். கஞ்சா, கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடைல் மாத்திரை இரண்டும் நினைவைக் குறைக்கும். இவற்றைச் சரிசெய்து ஆறு மாதம் கழித்து வேறு சொற்பட்டியலில் சோதியுங்கள். அதே பட்டியல் என்றால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும்.

இதற்கிடையே அரியர் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் முடிக்கச் சொல்லாதீர்கள், ஒன்றிரண்டு போதும். 25 நிமிடம் படித்து, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்க்கட்டும். வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். சொன்னதை மறந்தால் சோம்பேறி என்று திட்டுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. வேகம் குறைந்த பிள்ளையைப் பதற்றம் மேலும் முடக்கிவிடும்.

ஆப்? சுமார் 40 மணி நேரம் முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்குச் சொல் நினைவு ஓரளவு கூடியதாக ஓர் ஆய்வு உண்டு. ஆனால் ஆப்பில் ஏறும் மதிப்பெண் தேர்வில் ஏறாமல் போகலாம். பெரும்பணம் செலவழிக்காதீர்கள்.

இந்த நிலைக்கு முதலில் உளவியல் சிகிச்சை. நோயைத் தடுப்பதற்கென்று சைக்கோசிஸுக்கான மாத்திரை தர வேண்டாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி. ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

"தோணுது" என்பது "நிச்சயம்" என்று மாறினால், குரல்கள் கட்டளையிட்டால், சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எந்த நேரமும் தமிழில் பேச அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை.