சின்ன சமையலறைக்குப் புது ஃப்ரிட்ஜ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பது என் தொழில். கடையில் நின்று யோசிப்பவர்கள் என்னைக் கூப்பிடுவதில்லை. வாங்கி வைத்துவிட்டு முழிப்பவர்கள்தான் கூப்பிடுகிறார்கள். அதனால், வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டு எழுதிய முதல் வாசகிக்குத் தனி நன்றி. அவருக்கான பதிலும் கொஞ்சம் நீளம்.

கேள்வி: எங்கள் சமையலறையில் ஃப்ரிட்ஜ் வைக்க இருக்கும் ஒரே இடம், இரண்டு சுவர்களுக்கு நடுவே 60 செ.மீ. அகலம். பிடித்துப்போன மாடலின் அகலம் 59 செ.மீ. "அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது, வாங்கிவிடலாம்" என்கிறார் கணவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உள்ளே நுழையும். நுழைந்தபின் நிம்மதியாக ஓடாது.

ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை; உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். பழைய மாடல்களில் பின்பக்கம் கறுப்பாக ஒரு கம்பி வலை தெரியும். சூடு அதன் வழியாகப் போகும். இப்போது பல மாடல்களில் அந்தக் குழாய்களைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள் மறைத்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் சுவரோடு ஒட்டி வைத்தால் சூடு போக வழி கிடையாது. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும், வெயில் காலத்தில் பால் திரிந்துபோகும்.

எவ்வளவு இடைவெளி என்பதை அந்தந்த மாடலின் கையேட்டில், பொருத்தும் முறை பற்றிய பக்கத்தில் போட்டிருப்பார்கள். வாங்குமுன் கடைக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கையேடு கிடைக்காவிட்டால் இரு பக்கமும் 5 செ.மீ., பின்னால் 5 செ.மீ., தலைக்கு மேல் 10 செ.மீ. என்று கணக்கு வையுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் இடத்துக்கு 50 செ.மீ. அகலப் பெட்டிதான் சரி. இதைவிடக் குறைந்த இடைவெளி போதும் என்று கையேடே சொன்னால் 55 வரை போகலாம்.

அப்புறம் கதவு. இரண்டு பக்கமும் சுவர் என்கிறீர்கள். கதவு 90 டிகிரி திறந்தாலும் உள்ளே இருக்கும் காய்கறிப் பெட்டியை வெளியே இழுக்கப் பல மாடல்களில் அது போதாது. இன்னும் கொஞ்சம் விரிய வேண்டும். கீல் பக்கத்துச் சுவர் ஃப்ரிட்ஜைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் கதவு அதில் இடித்து நின்றுவிடும். பெட்டியைச் சாய்த்து, கண்ணாடித் தட்டைக் கழற்றி, அப்புறம் ஒரு தக்காளி எடுக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சில மாடல்களில் கதவின் கீலை மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் முடியாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். ஃப்ரிட்ஜின் அகலமும் ஆழமும் எவ்வளவோ, அந்த அளவுக்கு அட்டையை வெட்டித் தரையில் போடுங்கள். கதவு சுழலும் வளைவைச் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். அந்த வளைவுக்கு வெளியே நீங்கள் நிற்க இடம் இருக்கிறதா, அடுப்பில் நிற்பவர் முதுகில் கதவு இடிக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் போடும் ஆழத்தில் சில சமயம் கைப்பிடி சேராது. பின்னால் பிளக் துருத்திக்கொண்டு நிற்கும் இடத்தையும் யாரும் சேர்ப்பதில்லை. வாசற்கதவு, படிக்கட்டுத் திருப்பம், சமையலறை நிலை ஆகியவற்றில் எது குறுகலோ அதை அளந்து வையுங்கள். கடைசித் திருப்பத்தில் சிக்கிக்கொண்ட ஃப்ரிட்ஜை மறுபடி கீழே இறக்குவது பெரும்பாடு.

கேள்வி: நாங்கள் மூன்று பேர். எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

பதில்: ஆள் கணக்கு எனக்கு அவ்வளவு நம்பிக்கை தருவதில்லை. தினமும் காய்கறி வாங்கும் ஐந்து பேருக்குச் சின்னதே போதும். வாரம் ஒருமுறை வாங்கும் இரண்டு பேருக்குப் போதாது. எப்படி வாங்குகிறீர்கள், சமைத்ததை எத்தனை வேளைக்கு வைக்கிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கடையில் சொல்லும் லிட்டர் மொத்தக் கொள்ளளவாக இருக்கலாம். தட்டு, பெட்டியெல்லாம் போக உண்மையில் பொருள் வைக்கும் அளவு அதைவிடக் குறைவு. இரண்டையும் கேட்டு, பின்னதை வைத்து ஒப்பிடுங்கள்.

லிட்டரை விட முக்கியம் உங்கள் பெரிய பாத்திரத்தின் உயரம். மூடியோடு அளந்து, டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தட்டுகளை மாற்றி வைத்தும் அது நுழையவில்லை என்றால் எத்தனை லிட்டர் இருந்தும் பயனில்லை. சின்ன சமையலறைக்கு, மனதில் நினைத்ததை விட ஓர் அளவு சின்னதாகவே வாங்கச் சொல்வேன். பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கிய வீடுகளில் பின்வரிசையில் பூஞ்சை பிடித்த டப்பாக்கள்தான் அதிகம் இருக்கின்றன.

கேள்வி: ஃப்ராஸ்ட் ஃப்ரீ வாங்கலாமா, டைரக்ட் கூல் போதுமா?

பதில்: டைரக்ட் கூலில் குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்குகிறது, ஃப்ரீசரில் பனி கட்டுகிறது. அதை நீங்கள் அவ்வப்போது கரைக்க வேண்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் விசிறி காற்றைச் சுற்றி அனுப்புகிறது; படியும் பனியை ஒரு ஹீட்டர் கரைத்துவிடும். அந்த நீர் குழாய் வழியாகப் போய், கம்ப்ரசருக்கு மேலிருக்கும் தட்டில் விழுந்து, அதன் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

ஃப்ரீசரை அதிகம் பயன்படுத்தாதவர்களுக்கு டைரக்ட் கூல் போதும். சின்னது, விலை குறைவு, கெட்டுப்போக உறுப்புகளும் குறைவு. பனி அரை சென்டிமீட்டர் தடிமன் சேருமுன் கரைத்துவிடும் பொறுமை இருந்தால் அதையே வாங்குங்கள். பொறுமை இல்லையென்றால் ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பனியைக் கத்தியால் குத்தாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய். ஒரு பொத்தல் விழுந்தால் குளிரூட்டும் கேஸ் முழுவதும் போய்விடும். என் தொழிலில் பாதி வருமானம் அந்தக் கத்தியால் வருகிறது என்றாலும் சொல்கிறேன்.

கேள்வி: அடுப்புக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது. வேறு வழியே இல்லை.

பதில்: வழியில்லை என்றால் என்ன செய்வது? நடுவில் சூடு கடத்தாத ஒரு பலகையை நிறுத்துங்கள். பலகைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையில் காற்றுக்கு இடம் விடுங்கள். ஒட்டி வைத்தால் நிறுத்தியதே வீண். எண்ணெய்ப் பிசுக்கு கதவு ரப்பரில் படியும், அதை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. ஃப்ரிட்ஜின் தலைமேல் மைக்ரோவேவ் வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வைக்காதீர்கள். அதுவும் சூடு விடும் பெட்டி.

கேள்வி: வேன் சிறியது என்று புது ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். "உடனே போடலாம்" என்கிறார் இறக்கியவர்.

பதில்: போடாதீர்கள். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்கவைத்தால் அது குழாய்களுக்குள் ஓடியிருக்கலாம். நிமிர்த்தி வைத்து, கையேட்டில் சொன்ன நேரம் விடுங்கள். எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஒரு நாள் பொறுங்கள். அந்த நேரத்தில் உள்ளே சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்துவிட்டால் புது பிளாஸ்டிக் வாடையும் போகும். முன்கால்களைத் திருகி, முன்பக்கம் ஒரு துளி உயரமாக இருக்கும்படி செய்யுங்கள். கதவு தானாக மூடிக்கொள்ளும்.

கேள்வி: புது ஃப்ரிட்ஜில் எரியும் வாயு இருக்கிறதாமே? சமையலறையில் பயமாக இருக்கிறது.

பதில்: ஆர்-600ஏ என்று எழுதியிருந்தால் அது ஐசோபியூட்டேன். எரியக்கூடியதுதான். ஆனால் பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்களில் 100 கிராமுக்கும் குறைவாகவே இருக்கும், அதுவும் அடைத்த குழாய்க்குள். முன்பு இருந்த ஆர்-12 எரியாது, ஆனால் ஓசோன் படலத்தைத் தின்றது. 1987இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது படிப்படியாகப் போய்விட்டது. அதற்கும் முந்தைய காலத்தில் நச்சு வாயுக்களையே போட்டார்கள். அது கசிந்து ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைன், இயற்பியலாளர் லியோ சிலார்டோடு சேர்ந்து, கசிய வாய்ப்பில்லாத ஒரு ஃப்ரிட்ஜை வடிவமைக்க உட்கார்ந்தார். 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கடைக்கு மட்டும் வரவில்லை. பெரிய மனிதரும் நம் தொழிலில் கை வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கேஸ் நிரப்ப வருபவருக்கு இந்த வாயுவோடு வேலை செய்து பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டு விடுங்கள். குழாயை நீங்களாகவே துளைத்துவிட்டால் சுவிட்சைத் தொடாமல், தீ மூட்டாமல், முதலில் சன்னலைத் திறங்கள்.

கேள்வி: காய்கறிப் பெட்டிக்கு அடியில் எப்போதும் தண்ணீர். பின்பக்கம் வைத்த கீரை உறைந்துபோகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு. தண்ணீர் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், உட்சுவரின் அடியில் இருக்கும் சின்ன வடிகால் துளை அடைத்துக்கொண்டதுதான். மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் மெதுவாக நீக்கி, வெதுவெதுப்பான நீர் கொஞ்சம் விடுங்கள்.

கீரை உறைந்தால், குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் எண் ஏற ஏறக் குளிர் கூடும். 5 என்றால் 5 டிகிரி இல்லை. கீழே 4 டிகிரி செல்சியஸ், ஃப்ரீசரில் மைனஸ் 18 இருந்தால் போதும். ஒரு சின்னத் தெர்மாமீட்டரை டம்ளர் தண்ணீருக்குள் போட்டு, நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். கீரையைப் பின்சுவரில் படாமல் வையுங்கள், ஆப்பிளோடும் சேர்க்காதீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். பாலைக் கதவில் வைக்கிறோம் எல்லோரும். ஃப்ரிட்ஜிலேயே குளிர் குறைந்த இடம் அதுதான். உள்ளே தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஒரே அறை வீடு. ராத்திரி ஃப்ரிட்ஜ் போடும் சத்தத்தில் தூக்கம் போகிறது.

பதில்: குளுகுளு என்றால் குழாயில் வாயுவும் திரவமும் ஓடுகிறது. படக் என்றால் பிளாஸ்டிக் சுருங்கி விரிகிறது. ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் சுர்ர் என்றால், கரைந்த நீர் ஹீட்டரில் சொட்டுகிறது. இவையெல்லாம் இயல்பு. கடகட என்று அதிர்ந்தால் மட்டும் பாருங்கள்: கால் ஒன்று தரையில் படாமல் இருக்கும், அல்லது சுவரில் இடிக்கும். இனி வாங்குவதானால் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ளதாகப் பாருங்கள். அது திடுதிப்பென்று ஓடி நிற்காமல், தேவைக்கேற்ப மெதுவாக ஓடும்.

கேள்வி: புதியது வந்துவிட்டது. பழையதைப் பால்கனியில் சாமான் போட்டு வைக்க நினைக்கிறேன். சரிதானே?

பதில்: வைக்கலாம், ஆனால் கதவைக் கழற்றிவிட்டு வையுங்கள். பழைய ஃப்ரிட்ஜ்களில் கதவைப் பூட்டு போலக் கொக்கி பிடிக்கும். ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொண்டு இறந்த சம்பவங்களால்தான், கதவு உள்ளிருந்தும் திறக்கும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956இல் சட்டம் வந்தது. இன்று கதவைப் பிடிப்பது காந்த ரப்பர்தான், தள்ளினால் திறக்கும். இருந்தாலும் முன்னால் நாற்காலியோ மூட்டையோ இருந்தால் சின்னக் குழந்தையால் தள்ள முடியாது. கயிறு கட்டி வைக்கிறேன் என்று சொல்லாதீர்கள், குழந்தைகள் அவிழ்ப்பார்கள். கீலில் இருக்கும் திருகாணிகளைக் கழற்றினால் கதவு கையோடு வந்துவிடும். பின்பக்கக் குழாயை மட்டும் வெட்டாதீர்கள். காயலான் கடைக்குப் போடும் எண்ணம் வந்தால், கேஸை முறையாக எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.