கல்லூரிப் பாடநூல், கைக்கு அடக்கமான செலவில்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. சொல்கிற புத்தகமெல்லாம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. நெட்டில் இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா? ஜெராக்ஸ் எடுத்தால் தப்பா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த நூல், அதாவது யாரும் நகலெடுக்க உரிமையாளரே அனுமதித்த நூல், ஆகிவிடாது. டெலிகிராமில் சுற்றும் ஸ்கேன் பிரதி பெரும்பாலும் திருட்டுப் பிரதிதான். திறந்த நூலின் முன்பக்கத்தில் அந்த அனுமதியைச் சொல்லும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமம் அச்சாகியிருக்கும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்கள் அந்த வகை. அவற்றைச் சொந்தப் படிப்புக்கு ஜெராக்ஸ் எடுக்கத் தடையில்லை.

இறக்கியதும் படிக்க உட்கார வேண்டாம். முதலில் சிலபஸின் ஒவ்வொரு அலகுக்கும் எதிரே அத்தியாய எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். பருப்பொருளின் பண்புகள் தாளையே எடுத்துக்கொள்வோம். ஓப்பன்ஸ்டாக்ஸின் 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' முதல் தொகுதியில் மீட்சியியல் 12-ஆம் அத்தியாயம், பாகியல் 14, முறுக்கு ஊசல் 15. பரப்பு இழுவிசையை அதில் தேடி அலையாதீர்கள். அது அவர்களுடைய இன்னொரு நூலான 'காலேஜ் பிசிக்ஸ்' 11-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. நம்மூர் சிலபஸில் வழக்கமாக வரும் சட்டங்களின் (பீம்) வளைவு, ஒரு முனை மட்டும் பொருத்திய கான்டிலீவர் சட்டத்தின் கணக்குகள் இரண்டிலுமே கிடையாது. அமெரிக்க மாணவருக்கு எழுதியது, வேறென்ன எதிர்பார்ப்பது! அந்த அலகுக்கு மட்டும் கல்லூரி நூலகத்தில் ஓர் இந்திய நூலை எடுத்தால் போதும். அப்படியே, கல்லூரிகளுக்கு மின்நூல்களைத் தரும் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் பயனர் கணக்கு உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். கல்லூரி அதில் உறுப்பினரென்றால் விலை கொடுத்து வாங்கும் மின்நூல்கள் பலவும் வீட்டிலிருந்தே திறக்கும்.

ஜெராக்ஸ் கடையில் காசு வீணாவது இரண்டு இடத்தில். ஒன்று, பக்க எண். புத்தகத்தில் அச்சான எண்ணும் பிடிஎஃப் திரை காட்டும் எண்ணும் ஒன்றல்ல. முன்பக்கங்கள் சேர்வதால் தள்ளிப்போகும். கடைக்காரரிடம் திரை எண்ணைச் சொல்லுங்கள். இன்னொன்று, மிச்சம் பிடிக்க இரண்டு பக்கத்தை ஒன்றாகச் சுருக்குவது. சமன்பாட்டின் கீழ்க்குறி எழுத்துகள் புள்ளியாகிவிடும். ஒரு பக்கம் ஒரு பக்கமாகவே, தாளின் இருபுறமும் அடியுங்கள். நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்டிய படங்களை போனில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: திறந்த நூலைத் தமிழில் பெயர்த்து மாணவருக்குத் தரலாமா?
– விரிவுரையாளர், வள்ளியூர்

பதில்: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் குறியெழுத்துகளைப் பாருங்கள். 'என்டி' (ND) இருந்தால் பெயர்ப்பைப் பிறருக்குத் தர முடியாது. 'என்சி' (NC) இருந்தால் லாபத்துக்கு விற்கக் கூடாது. 'எஸ்ஏ' (SA) இருந்தால் உங்கள் பெயர்ப்பையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'பிஒய்' (BY) மட்டுமென்றால் மூலநூல், ஆசிரியர், உரிமம் மூன்றையும் குறிப்பிட்டு, பெயர்த்தது நீங்கள் என்று எழுதினால் ஆயிற்று.