வாசகர் கேள்வி – பதில்: ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்பும் பிள்ளைகள்

கேள்வி: எங்கள் பகுதியில் எட்டுத் தோட்டப் பாடசாலைகளின் பெண்கள் அணிகளைச் சேர்த்து ஒரு ஹொக்கிச் சங்கம் நடத்தி வருகிறோம். வருடத்திற்கு ஒரு முறை, ஒரே நாளில், நொக் அவுட் சுற்றுப்போட்டி வைக்கிறோம். கிண்ணம், பதக்கம், ஒலிபெருக்கி என எதற்கும் குறை வைப்பதில்லை. இருந்தும் அடுத்த வருடம் பாதி அணிகள் வருவதில்லை. எங்கே பிழை விடுகிறோம், டீச்சர்?
– சங்கச் செயலாளர் ஒருவர், ஹட்டன்

பதில்: பிழை உங்கள் போட்டி அட்டவணையில்தான் இருக்கிறது. எட்டு அணிகள் நொக் அவுட் முறையில் மோதினால் மொத்தமே 7 ஆட்டங்கள். 4 அணிகள் முதல் ஆட்டத்துடனேயே வெளியேறிவிடும். இருட்டோடு எழுந்து, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்த பிள்ளை சிறிது நேரம் ஓடிவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தபடி மேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அடுத்த ஆட்டம் அடுத்த வருடம்தான் என்றால், இடையில் அவள் எதற்காக மட்டையைத் தொட வேண்டும்? பிள்ளைகள் தோல்வியைத் தாங்கிக்கொள்வார்கள் என்பதையும், ஆடக் கிடைக்காமல் போவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை என்பதையும் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் கண்டிருக்கிறேன்.

அதே எட்டு அணிகளை நான்கு நான்காகப் பிரித்து லீக் முறையில் ஆடவிட்டால் ஒவ்வொரு அணிக்கும் 3 ஆட்டங்கள் உறுதியாகின்றன; பிரிவு ஆட்டங்கள் மட்டும் 12 வரும். கிட்டக்கிட்ட உள்ள தோட்டங்களை ஒரே பிரிவில் போட்டு, மூன்று சனிக்கிழமைகளில் ஆட்டங்களை வைத்துக்கொண்டால், எந்தப் பிள்ளையும் தொலைதூரம் போகத் தேவையில்லை, பொழுது சாய்வதற்கு முன் லயத்திற்குத் திரும்பிவிடலாம். கிண்ணத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை பஸ் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். நாட்களைக் குறிக்கும்போது மழையையும் ஊரையும் பாருங்கள்: தென்மேல் பருவமழை மே மாதத்திற்குப் பின் உங்கள் பக்கத்து மைதானங்களை மாதக்கணக்கில் சேறாக்கிவிடும், மாசியில் காமன் கூத்து, அதைத் தொடர்ந்து மாரியம்மன் திருவிழா, பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி. தோட்டத் தலைவரையும் அதிபர்களையும் கேட்காமல் குறிக்கப்படும் நாள் நிலைக்காது.

கேள்வி: எங்களிடம் முழு அளவு மைதானம் இல்லை. இருப்பது தோட்டத்துக்குச் சொந்தமான ஒரு சிறிய புல்தரை மட்டுமே. இதை வைத்துக்கொண்டு போட்டித் தரத்தில் ஒரு சங்கத்தை நடத்த முடியுமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: முடியும். முழு மைதானத்துக்கு 91.4 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் வேண்டும். மலைச்சரிவில் அவ்வளவு சமதரை கிடைப்பது அரிது. ஆனால் ஐவர் ஹொக்கிக்கு 40 மீற்றர் நீளமும் 28 மீற்றர் அகலமும் இருந்தால் போதும். 2014ஆம் ஆண்டு நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் இந்த வடிவமே ஆடப்பட்டது. 2024இல் ஓமானில் இதற்கென உலகக் கிண்ணமே நடந்தது. ஆகையால் இதைக் குறைந்த ஆட்டம் என்று யாரும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்ல இடங்கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஐவர் ஹொக்கியில் பெனால்டி கோர்னர், அதாவது தடுக்கும் அணி விடும் பிழைக்காக கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் தாக்குதல் வாய்ப்பு, கிடையாது. அதையே ஆடிப் பழகிய பிள்ளைகள், ஹொக்கியில் ஊறிய மாத்தளை, கண்டிப் பாடசாலைகளைப் பதினொருவர் ஆட்டத்தில் சந்திக்கும்போது, களத்தில் சரிசமமாக ஓடிவிட்டு பெனால்டி கோர்னரில் கோல்களை விட்டுக்கொடுக்கிறார்கள். கோல் காப்பாளருடன் சேர்த்து ஐவர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்க வேண்டிய அந்தத் தருணத்தை, வலயப் போட்டிக்கு முன் சில வாரங்களாவது தனியாகப் பழக்குங்கள். அதற்கு முழு மைதானம் தேவையில்லை. ஒரு பக்கத்துக் கோலும் 14.63 மீற்றர் ஆரத்தில் சுண்ணாம்பால் கீறிய வட்டமும் இருந்தால் போதும்.

மைதானத்தைப் பயன்படுத்தும் அனுமதியைத் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் பெறுங்கள். வாய்ச்சொல் அவர் மாற்றலாகிப் போகும் நாள்வரைதான். சங்கத்தைப் பதிவுசெய்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள்: 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டமே இதற்கு அடிப்படை, சங்கத்தின் யாப்பை (விதிமுறைகளை) எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

கேள்வி: சங்கத்தில் இருக்கும் சிறிய தொகைக்கு முதலில் எதை வாங்குவது?
– பொருளாளர், தலவாக்கலை

பதில்: கோல் காப்பாளரின் கவசங்களை வாங்குங்கள். மட்டையைப் பிள்ளைகள் இரவல் வாங்கி ஆடிவிடலாம்; ஆனால் 160 கிராம் அளவு எடையுள்ள கடினப் பந்து, முழு வேகத்தில் கோலை நோக்கி வரும்போது, இரவல் தைரியம் உதவாது. நான் பொறுப்பாக இருந்த ஒரு போட்டியில் நான்கு அணிகளுக்கு ஒரே ஒரு கவசத் தொகுதிதான் இருந்தது. காலை மழையில் ஊறிய கால் கவசங்களை, முந்திய ஆட்டத்துப் பிள்ளை கழற்றக் கழற்ற அடுத்தவள் பூட்டிக்கொண்டாள்; ஈரத்தில் விறைத்துப்போன வார் கொளுவியில் ஏறாமல், கடைசியில் அவளுடைய தாய் பல்லால் இழுத்து மாட்டிவிட்டார். கால் கவசம் கனத்ததால் அந்தப் பிள்ளையால் வலது பக்கம் விழ முடியவில்லை. இரண்டு கோல்களும் அந்தப் பக்கமாகவே போயின. அன்று தோற்றது அவள் அல்ல, ஏற்பாடு செய்த நாங்கள்தான். குறைந்தது இரண்டு தொகுதிகளை வாங்கி, சங்கத்தின் பெயரை எழுதி, உலர வைப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கேள்வி: மகள் தரம் 10இல் படிக்கிறாள். சாதாரண தரப் பரீட்சை வருவதால் ஹொக்கியை நிறுத்தச் சொல்கிறார் அவளுடைய அப்பா. நானும் கொழுந்து பறிக்கப் போகிறவள். அவளைக் கூட்டிவர ஆள் இல்லை.
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டு கவலைகள். பரீட்சைக்கு முந்திய சில மாதங்கள் பயிற்சியை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டால் போதும். முழுதாக நிறுத்தினால் பெரும்பாலும் அவள் திரும்பி வரமாட்டாள். கூட்டிவர ஆள் இல்லை என்பதுதான் பெரிய கவலை, அது நியாயமானது. அதைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு சங்கத்தினுடையது. ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து திரும்பவும், அவர்களுடன் ஒரு தாயோ ஆசிரியையோ வரவும் ஏற்பாடு உண்டா என்று செயலாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய அப்பாவை அழைத்துச் சென்று, அந்தக் கேள்வியை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.