சாளை தின்னும் பறவைகள்: பென்குவின் கடற்கரை பற்றி வாசகர் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனுக்குத் தெற்கே சைமன்ஸ் டவுன் என்னும் ஊரில், காட்டுப் பென்குவின்கள் கூட்டமாக வாழும் போல்டர்ஸ் கடற்கரையை 2023 நவம்பரில் பார்த்துவந்ததைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு தமிழக-கேரள எல்லையின் இரு பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றில் நான்குக்கு இங்கே பதில் தருகிறேன்.

பென்குவின் பனியில் வாழும் பறவை என்றுதானே படித்தோம்? ஆப்பிரிக்க வெயிலில் அது எப்படி உயிர்வாழ்கிறது?
*ஒன்பதாம் வகுப்பு மாணவி, கொழிஞ்சாம்பாறை*

பனிக்கட்டியின் மேல் வாழும் பென்குவின் இனங்கள் சிலவே, மகளே. ஆப்பிரிக்கக் கண்டத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பென்குவின் இனம், நான் பார்த்த ஆப்பிரிக்கப் பென்குவின் ஒன்றுதான். இதன் உயரம் நம் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். எடை மூன்று கிலோ அளவுக்கு இருக்கும். அந்நாட்டின் மேற்குக் கரையோரம் வடக்கு நோக்கி ஓடும் பெங்குவேலா நீரோட்டம் ஆழ்கடலின் குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே கொண்டுவருவதால் அங்கே மீன் பெருகுகிறது; அந்த மீனை நம்பியே இந்தப் பறவை அங்கு வாழ்கிறது.

கரைக்கு வந்தபின் வெயிலைத் தாங்குவதற்குக் கண்ணுக்கு மேல் இறகில்லாத இளஞ்சிவப்புத் தோல் இருக்கிறது. உடல் சூடேறும்போது அங்கே இரத்தம் கூடுதலாகப் பாய்ந்து வெப்பத்தை வெளியேற்றுவதால் அந்த இடம் மேலும் சிவக்கும். நான் பார்த்த ஒரு பறவை, சித்திரை வெயிலில் நம் ஊர்க் காகம் அலகைத் திறந்து மூச்சு வாங்குவதைப் போலவே புதர் நிழலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து இறுகிய தம் எச்சத்தைக் குடைந்து, அந்தக் குளிர்ச்சியான பொந்துக்குள் இவை முட்டையிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை உரத்துக்காகச் சுரண்டி எடுத்துக் கப்பலேற்றிவிட்டார்கள். அதனால் இன்று பல கூடுகள் திறந்த வெளியில் வெயில்பட்டுக் கிடக்கின்றன.

ஐயா, என் மகள் கேப்டவுனில் செவிலியராக இருக்கிறாள். டிசம்பர் விடுமுறையில் பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறோம். பென்குவினைத் தொட்டுப் பார்க்கவும் அருகில் நின்று படம் எடுக்கவும் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். விடுவார்களா?
*வாசகி, களியக்காவிளை*

தொட விடமாட்டார்கள் அம்மா, தொடவும் கூடாது. அந்தக் கடற்கரை டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. கட்டணம் செலுத்தித்தான் உள்ளே போக வேண்டும். கூடுகள் நெருக்கமாக உள்ள ஃபாக்ஸி கடற்கரையில் மணலுக்கு மேல் மரப்பலகையால் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அதன் மேல் நின்றபடியே பிள்ளைகள் ஆசைதீரப் பார்க்கலாம். பக்கத்தில் பெரும்பாறைகளுக்கு இடையே ஒதுங்கியிருக்கும் சிறு கடற்கரையில் குளிக்க அனுமதி உண்டு. அங்கே சில வேளைகளில் பறவைகள் தாமாகவே நம் காலருகே வந்துவிடும். அப்போது அசையாமல் நின்று அவற்றுக்கு வழிவிட்டால் போதும். அவற்றின் அலகு கத்திமுனை போன்றது, சிறு விரலைக் கவ்வினால் சதையைக் கிழித்துவிடும் என்பதைப் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லிவையுங்கள்.

நீங்கள் போகும் மாதத்தை நினைத்துத்தான் இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். நவம்பர், டிசம்பர் மாதங்களில் அங்குள்ள பறவைகளில் பெரும்பாலானவை இறகு உதிர்க்கும். மற்றப் பறவைகளைப் போலச் சிறிது சிறிதாக உதிர்க்காமல் எல்லா இறகையும் ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கும்வரை ஏறத்தாழ மூன்று வாரம் அது கரையிலேயே நிற்கும். உடம்பில் நீர் புகாமல் காக்கும் உறை அப்போது இல்லாததால் கடலில் இறங்க முடியாது, இறங்க முடியாததால் இரையும் இல்லை. முன்கூட்டித் தின்று சேர்த்த கொழுப்பை வைத்தே அந்த நாட்களைக் கடத்துகிறது. நான் போனபோது நடைபாதைக்கு மிக அருகே அப்படி ஒன்று நின்றது. முதுகெங்கும் இறகு, பிய்ந்த தலையணையின் இலவம்பஞ்சு போலப் பிதுங்கியிருந்தது. காற்று வீசும்போதெல்லாம் கொஞ்சம் பறந்து போனது. கண்ணை மூடிக்கொண்டு அது ஆடாமல் நின்றது. நோய் கண்ட பறவை என்று நினைத்து விரட்டுபவர்களும், படம் எடுப்பதற்காக நெருங்குபவர்களும் அதைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் குளிரிலேயே அது செத்துப்போகக்கூடும். பேரப்பிள்ளைகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளைகள் நம்மைவிடக் கவனமாக இருப்பார்கள்.

பென்குவினுக்காகப் பத்து ஆண்டுகள் கடலில் வலை போடக் கூடாது என்று அந்த நாட்டில் உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். பறவைக்காகக் கடற்தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது சரிதானா?
*கடற்தொழிலாளர், நீரோடி*

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடிதங்களில் இதையே நான் பலமுறை படித்தேன். முதலில் அந்த உத்தரவு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அது கடல் முழுவதற்குமான தடை அன்று. ராபன் தீவு, டாசன் தீவு, ஸ்டோனி பாயிண்ட் உள்ளிட்ட ஆறு பென்குவின் வாழிடங்களைச் சுற்றி வரையறுத்த கடற்பரப்பில், சாளையையும் நெத்தோலியையும், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலை கொண்டு பிடிக்கக் கூடாது என்பதே அது. பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் 2024இல் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் அந்த அமைப்புகளும் மீன்பிடித் தொழில் தரப்பும் அரசும் எல்லைகளைப் பேசி ஒத்துக்கொண்டதையே நீதிமன்றம் உத்தரவாக்கியது. அங்கே சுருக்குமடி போடுபவை பெரிய தொழிற்படகுகள். அவை அள்ளும் நெத்தோலியில் பெரும்பகுதி மீன்தூளாகவும் எண்ணெயாகவும் அரைக்கப்படுகிறது. உங்களைப் போல வள்ளத்தில் போய் வருபவர்களின் நிலையோடு அதை ஒப்பிட முடியாது.

அந்தப் பறவை தின்பதும் சாளையும் நெத்தோலியும்தான். நம் கடலின் சாளை வேறு இனம். ஆனாலும் இரண்டும் நெருங்கிய உறவு. குஞ்சு வைத்திருக்கும் பென்குவின் இரை தேடிக் கூட்டிலிருந்து பெரும்பாலும் 20 முதல் 40 கிலோமீட்டருக்குள்தான் போய்வர முடியும். அந்தச் சுற்றளவுக்குள் மீன் இல்லாமற்போனால் குஞ்சு பட்டினி கிடக்கும். தாய் தகப்பனும் இறகு உதிர்க்கும் காலத்துக்கு வேண்டிய கொழுப்பில்லாமல் மெலிந்துபோகும். கடல்நீரின் வெப்பம் மாறியதாலும் மிகுதியாகப் பிடித்ததாலும் அங்கே சாளைக் கூட்டம் கிழக்கே நகர்ந்துவிட்டது. மீன் போன இடத்துக்கு நீங்கள் படகைத் திருப்பலாம். கூட்டை விட்டுவிட்டுப் பென்குவின் எங்கே போகும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 லட்சம் இணைகள் இருந்த இந்த இனம் இன்று 10,000 இணைகளுக்கும் கீழே வந்துவிட்டது. 2024 அக்டோபரில் இதை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்தார்கள்.

வலை குறைந்தால் பறவை மீளும் என்பதற்கு நான் பார்த்த கடற்கரையே சான்று. 1982இல் அங்கே இரண்டே இணைகள்தாம் வந்து குடியேறின. அதை ஒட்டிய ஃபால்ஸ் விரிகுடாவில் வணிக அளவிலான மீன்பிடிப்பு குறைந்து, சாளையும் நெத்தோலியும் கூடியது, அந்த இரண்டு இணைகள் ஆயிரக்கணக்கில் பெருகியதற்கு ஒரு காரணம்.

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கேரளக் கரையில் 2012இல் 4 லட்சம் டன் அளவுக்குக் கிடைத்த சாளை 2021இல் 4,000 டன்னுக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டில் நீரோடியிலும் பொழியூரிலும் எத்தனை வீட்டு அடுப்பு அதை உணர்ந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஜூன், ஜூலை இரண்டு மாதம் விசைப்படகுகளை நிறுத்தி வைப்பதும் மீன் குஞ்சுக்காகத்தானே? அங்கே போட்ட தடையையும் அதே கணக்கில்தான் நான் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் உங்களோடு சேர்ந்து வலியுறுத்துகிறேன்: தடையால் வருமானம் இழக்கும் சிறு தொழிலாளி எங்கே இருந்தாலும் அவருக்கு உரிய நிவாரணம் தடை தொடங்கும் முன்பே கையில் சேர வேண்டும்.

கேப்டவுனில் ஒரே ஒரு நாள்தான் இருப்போம். போய்வர முடியுமா? பென்குவினுக்குக் கொடுக்கக் கொஞ்சம் நெத்தோலிக் கருவாடு எடுத்துப் போகலாமா?
*வாசகர், பாறசாலை*

தாராளமாகப் போய்வரலாம். கேப்டவுனிலிருந்து சைமன்ஸ் டவுன் 40 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. சாலை வழியும் உண்டு, கடைசிப் பகுதியில் கடலை ஒட்டியே போகும் ரயில் பாதையும் உண்டு. காலையில் சீக்கிரம் போனால் கூட்டமும் வெயிலும் குறைவு. கருவாடு வேண்டாம். உப்பிட்டு உலர்த்திய மீன் அதன் உணவன்று. மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிய பறவை சாலைக்கும் நாய்களுக்கும் பலியாகும். கருவாட்டு வாடைக்குக் குறை இருக்காது, கடற்கரையை நெருங்கும்போதே நம் உலர்களத்து வாடை மூக்கில் ஏறிவிடும். வாடகைக் காரில் போனால் திரும்பும்போது வண்டியைக் கிளப்பும் முன் குனிந்து அடியில் ஒருமுறை பாருங்கள். நிழலுக்காக அவை காருக்கு அடியில் வந்து படுத்துக்கொள்வதால் அங்கே எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.