வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அண்ணாச்சி

அண்ணாச்சி, வணக்கம். போன சனிக்கிழமை நீங்கள் எழுந்து போன வேகத்தில், நான் சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். "நடிக்கப் போறேன்னு சொன்னாலாவது நாலு பேருக்குப் புரியும். படம் எடுக்க கம்பெனி வைக்கப் போறேங்கிறா. காசு எங்க இருக்கு?" என்று உங்கள் மகளைப் பற்றிக் கேட்டீர்கள்.

கேள்வி சரிதான். ஆனால் கோபத்தில் நீங்கள் பார்க்காத ஒன்று என் மேசையில் இருந்தது. பிள்ளை விட்டுவிட்டுப் போன நோட்டு. கல்லூரியில் எடுத்த குறும்படத்தின் செலவுக் கணக்கு. கேமரா வாடகை, ஆட்டோ, டீ, வடை, திடீர் மழைக்கு வாங்கிய தார்ப்பாய் வரை தேதி போட்டு எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ரூ.640 இடிக்கிறது. பக்கத்திலேயே "கணக்கு வரவில்லை, என் கையிலிருந்து" என்று ஒரு குறிப்பு. சினிமா ஆசையோடு என்னிடம் வரும் பிள்ளைகள் கதை கொண்டுவருவார்கள், போட்டோ கொண்டுவருவார்கள். பில் கொண்டுவந்தவள் இவள் ஒருத்திதான்.

தயாரிப்பாளர் என்றால் பணக்காரர் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. கீழமாசி வீதியில் உங்கள் கடைக்கு இறங்கும் மூட்டை எல்லாம் உங்கள் சொந்தக் காசா? பருப்பு கடனில் வருகிறது, சில்லறைக் கடைகளுக்குக் கடனில் போகிறது, நடுவில் உங்கள் வாக்கு நிற்கிறது. படத் தயாரிப்பும் அதே மாதிரி வியாபாரம்தான். கதையைப் பிடித்து, பணத்தைத் திரட்டி, ஆட்களைச் சேர்த்து, சொன்ன நாளுக்குள் சரக்கை முடித்து, விற்று, வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும்.

பக்கத்துக் காரைக்குடியையே பாருங்கள். ஏவி.எம். ஸ்டூடியோ ஏ.வி.மெய்யப்பன் அப்பாவின் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர். முதலில் எடுத்த படங்கள் கையைக் கடித்தன. பிறகு தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். கோடம்பாக்கம் போனது அதற்கு அப்புறம். தட்டு விற்றபோது எந்தப் பாட்டு போகும், எது தேங்கும் என்று கல்லாவில் உட்கார்ந்தே பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

அதனால் முதல் யோசனை, அவளை உடனே சென்னைக்கு அனுப்பாதீர்கள். பி.காம். முடிந்ததும் மதுரையிலேயே ஒரு விநியோகஸ்தர் அலுவலகத்தில் ஆறு மாதம் வேலை பார்க்கட்டும். தமிழ்நாட்டைச் சினிமாக்காரர்கள் ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்கிறார்கள். நம்முடையது மதுரை-ராமநாதபுரம், எம்.ஆர். ஏரியா என்பார்கள். தியேட்டரிலிருந்து தினமும் வரும் டி.சி.ஆர். என்கிற வசூல் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். இவ்வளவு தொகை உறுதி என்று பேசி மினிமம் கேரண்டியில் கொடுத்தால் நஷ்டம் யாருக்கு, வசூல் குறைந்தால் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் முறையில் யாருக்கு, ஒரே விலைக்கு மொத்தமாகக் கொடுக்கும் அவுட்ரேட் எப்படி என்பதெல்லாம் அந்த மேசையில்தான் விளங்கும். படம் எடுக்கக் கற்றவர்கள் நிறைய. விற்கத் தெரியாமல்தான் பலர் காணாமல் போனார்கள்.

அடுத்து சென்னையில் ஒரு கம்பெனியில் தயாரிப்பு நிர்வாகியின் கீழ் மூன்று நான்கு படங்கள். யார் எந்த நாள் படப்பிடிப்புக்கு வர வேண்டும் என்று கால்ஷீட் போடுவது, அன்றாடம் பேட்டா கொடுப்பது, மழை பெய்தால் மறுநாள் திட்டத்தை மாற்றுவது. சம்பளம் குறைவு, தூக்கம் அதைவிடக் குறைவு. மேலே படிக்க ஆசைப்பட்டால், கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்படக் கல்லூரியில் தயாரிப்புக்கென்றே மூன்று வருடப் படிப்பு உண்டு. பட்டம் பெற்றவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம்.

அக்காவின் பயம் வேறு, பொம்பளைப் பிள்ளை, சினிமா. அந்தப் பயத்தைச் சும்மா என்று தள்ளமாட்டேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்று 2013-ல் சட்டமே வந்துவிட்டது. சேருவதற்கு முன் அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்கட்டும். பதில் வராத கம்பெனிக்குப் போக வேண்டாம்.

'ஸ்டூடியோ' என்றதும் நீங்கள் ஏக்கர் கணக்கில் நிலத்தை நினைத்துப் பதறிவிட்டீர்கள். இன்றைக்கு அது ஒரு வாடகை அறை, எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு பதிவுச் சான்று. கேமரா வாங்கக் கூடாது, நாள் வாடகைக்கே கிடைக்கிறது. ஜவுளிக்கடை விளம்பரம், மருத்துவமனைக்கு விளக்கப்படம் என்று எடுத்து முதலில் வாடகையும் சம்பளமும் ஓட வேண்டும். பெரிய படக் கனவு அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

வட்டி விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் கணக்கு போட்டுப் பாருங்கள். ஐம்பது லட்சம், மூன்று ரூபாய் வட்டி. மாதம் ஒன்றரை லட்சம். படம் பதினெட்டு மாதம் இழுத்தால் வட்டி மட்டும் 27 லட்சம். கடன் தீராமல், படத்தை வெளியிட ஆட்சேபம் இல்லை என்று ஃபைனான்சியர் கடிதம் தரமாட்டார், கடிதம் இல்லாமல் படம் வெளியே வராது. வெளியாவதற்கு முந்தின ராத்திரி நடக்கும் பஞ்சாயத்தெல்லாம் பெரும்பாலும் இதுதான். அதனால் வீட்டுப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது, அவளே அழுது கேட்டாலும். முதல் படத்துக்குப் பணம் போட நாலைந்து பேர் பங்காளியாக வரட்டும். நஷ்டமென்றால் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த வியாபாரத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. உங்கள் பருப்பு விற்றால் மூட்டை காலி. படம் விற்றாலும் மூட்டை அப்படியே இருக்கும். சட்டப்படி படத்தின் காப்புரிமை தயாரிப்பாளருடையது, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். தியேட்டர், டிவிக்கான சாட்டிலைட், ஓ.டி.டி., இந்தி டப்பிங் என்று தனித்தனியாக, கால வரையறை போட்டு விற்கலாம். அவசரத்துக்கு நெகட்டிவ் உரிமை என்கிற முழு உரிமையையே மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தவர்கள், பத்து வருடம் கழித்து டிவியில் தங்கள் படத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒப்பந்தம் படிக்க ஒரு வக்கீலுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

தியேட்டரை மட்டும் நம்பவும் வேண்டியதில்லை. மேலூர்ப் பக்கத்து வெயிலில், சின்னச் செலவில் எடுத்த 'கூழாங்கல்' 2021-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனால் அப்படியும் ஒரு வாசல் இருக்கிறது. கோவாவில் நடக்கும் பிலிம் பஜாரில் இந்த மாதிரிப் படங்களுக்குக் கூட்டாளி தேடிப் பலர் வருகிறார்கள்.

ஆறு வருடம் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பிடிக்கவில்லை என்றால், வசூல் கணக்கும் ஒப்பந்தமும் தெரிந்த பி.காம். பட்டதாரிக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த 640 ரூபாயை நீங்களும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டாம் நாள் பக்கத்தில் பெட்ரோல் என்று எதுவுமே எழுதக் காணோம், எனக்கென்னவோ அதில்தான் சந்தேகம்.