அழுகை வருகிறது, கோபம் போகவில்லையே?

கேள்வி: பத்து வருடமாக ஆண்டுதோறும் தியானத்துக்குப் போகிறேன். அழுது ஜெபிக்கிறேன். ஊர் திரும்பிய ஒரு மாதத்தில் அதே கோபம், அதே கெட்ட வார்த்தை. படகு ஆட்களிடமும் மனைவியிடமும். ஆன்மிக முதிர்ச்சி எனக்கு எப்போது வரும்? இன்னும் பெரிய தியானத்துக்குப் போகவேண்டுமா?
— விசைப்படகு உரிமையாளர், தங்கச்சிமடம்

பதில்: வேண்டாம். இந்த ஒரு வருடம் எந்தத் தியானத்துக்கும் போகாதீர்கள். ஞாயிறு திருப்பலியை விடாதீர்கள், அது போதும். உங்கள் கண்ணீர் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் தியான வீட்டில் டீசல் கடன் கேட்டு யாரும் வருவதில்லை, உங்களை எதிர்த்துப் பேச ஆளில்லை. கோபம் வர வழியே இல்லாத இடத்தில் இருந்துவிட்டு, கோபம் போய்விட்டதாக நம்பித் திரும்புகிறீர்கள்.

கொரிந்து சபையாருக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்று முதல் அதிகாரத்தில் எழுதுகிற பவுல், மூன்றாம் அதிகாரத்தில் அவர்களையே குழந்தைகள் என்கிறார், பால்தான் கொடுக்க முடிந்தது என்கிறார். காரணம், அவர்களுக்குள் இருந்த பொறாமையும் சண்டையும். உங்கள் முதிர்ச்சியையும் மீன் விற்ற பணத்தை ஆட்களோடு பங்கு பிரிக்கிற இடத்தில்தான் பார்க்கவேண்டும். டீசல், ஐஸ் செலவைக் கழித்துப் பணத்தை எண்ணும்போது, "சம்மாட்டி, றால் கணக்கு இடிக்குதே" என்று படகு முதலாளியான உங்களை ஓர் ஆள் கேட்கிறான். அந்த நேரத்தில் உங்கள் வாயில் என்ன வருகிறது?

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஓரியூரில் 1693-இல் உயிர்கொடுத்த புனித அருளானந்தர் சேர்ந்திருந்த இயேசு சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறை இது. ஒரே ஒரு குறையை எடுங்கள்; உங்களுக்குக் கெட்ட வார்த்தை. கோபம், குடி, பொறாமை என்று மூன்றையும் சேர்த்துப் பிடிப்பவர்கள் பத்தாம் நாள் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் "இன்று இதில் விழாமல் காத்தருளும்" என்று கேளுங்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. நாளுக்கு இரண்டு கோடு, மதியம் வரை ஒன்று, இரவு வரை ஒன்று. விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. விழுந்த அந்த நொடியிலேயே கையை நெஞ்சில் வையுங்கள், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. இரவில் ஐந்து நிமிடம்: முதலில் நன்றி, பிறகு ஒளி கேட்பது, பிறகு நாளைத் திருப்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். நன்றியைத் தாண்டி நேராகப் புள்ளிக்குப் போகாதீர்கள். போனால் இது கணக்குப்பிள்ளை வேலையாகிவிடும், அருளுக்கு இடமிருக்காது.

முதல் வாரம் புள்ளி கூடும். கோபம் கூடியதால் அல்ல, இதுவரை கவனிக்காததைக் கவனிப்பதால். பலரும் பயந்து நோட்டை மூடுவது இங்கேதான். இன்னொன்று: வாரத்தில் எல்லா நாளும் படகு கடலுக்குப் போவதில்லை. படகு கரைக்கு வந்த காலையை இன்னொரு கரைக்கு வந்த காலையோடு ஒப்பிடுங்கள். சும்மா இருந்த நாளோடு ஒப்பிட்டால் நோட்டு பொய் சொல்லும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் அப்படித்தான். படகில் புள்ளி விழாது. கையில் காசில்லாத கோபம் வீட்டுக்குள் போகும். அப்போது சமையலறையில் பேசுகிற பேச்சுக்குப் புள்ளி வையுங்கள்.

புள்ளி மட்டும் வைத்தால் ஒன்றும் ஆகாது. பொழுது சாய்வதற்குள் சினம் தணியவேண்டும் என்கிறது எபேசியர் நிருபம். ஆட்கள் முன்னால் திட்டினால் அதே ஆட்கள் முன்னால், அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். "நீ அப்படிக் கேட்டதால்தான்" என்று ஒட்டுப்போடாதீர்கள், அது மன்னிப்பு அல்ல. கணக்கில் உண்மையிலேயே குறைந்திருந்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாக இயேசுவிடம் சொன்னான். குருவிடம் பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்திலும் "கோபப்பட்டேன் சாமி" என்று பொதுவாக முடிக்காமல், யாரிடம், எத்தனை தடவை என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வாசிப்புக்கு மத்தேயு 5 முதல் 7 வரை எடுங்கள். மொத்தம் 111 வசனம். நாளுக்குப் பத்து என்றால் பன்னிரண்டாம் நாள் முடியும், மறுபடி முதலிலிருந்து. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை எடுக்கிற பழக்கத்தை விடுங்கள்; நமக்குப் பிடிக்காத வசனம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

எப்போது வரும் என்று கேட்டீர்கள். ஒரேநாளில் கோபமே வராமல் போகும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்குத் திட்டிவிட்டு மன்னிப்புக் கேட்க மூன்று நாள் ஆகிறதா? அது இரவுக்குள் என்று ஆகட்டும், பிறகு ஒரு மணி நேரத்துக்குள், பிறகு பாதி வார்த்தையிலேயே நாக்கு நிற்கட்டும். வளர்ச்சி அந்த இடைவெளி சுருங்குவதில் தெரியும். அதை நீங்களே மதிப்பிடவேண்டாம். மாதம் ஒருமுறை நோட்டை மனைவியிடம் கொடுங்கள். விட்டுப்போன புள்ளிகளை அவர் வைக்கட்டும்.